நூறாண்டுக் கோரிக்கையும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்

வாஷிங்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தை 2016 செப்டம்பர் 24 அன்று அதிபர் ஒபாமா திறந்துவைத்தார். அந்தக் கோரிக்கைக்கு அப்போதே வயது நூறு. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்கள் 1915இல் அந்நகரில் கூடியபோது பிறந்த கோரிக்கை அது. 1929இல் அரசு ஒப்புதல் தந்தது, பணம் தரவில்லை. 1988 முதல் ஜான் லூயிஸ் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2003இல்தான் அது சட்டமானது.

அங்கே வரலாற்றைப் பார்க்க முதலில் பூமிக்குக் கீழே இறங்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து மேல்நோக்கி ஏறி வர வேண்டும். மனிதர் அனைவரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனின் சிலைக்குப் பின்னால், அவர் அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயர் பொறித்த செங்கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் சவப்பெட்டியும் அங்கே இருக்கிறது. மகனின் சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று அந்தப் பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னவர் அவனுடைய தாய். குற்றம் சாட்டப்பட்டவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்தது.

இதைப் படிக்கும்போது நமக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்குமா? 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது.

இந்த உறவு பழையது. 1873இல் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அவர்களிடமிருந்து இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சேகரிக்கும் வேலையை. அருங்காட்சியகம் உருவாகத் தொடங்கியபோது அதன் கையில் ஒரு பொருளும் இல்லை. ஊர் ஊராகப் போய், வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். பரணிலும் பெட்டியிலும் கிடந்தவை தேசத்தின் வரலாறாயின.

நம் சேரிகளிலும் டிரங்குப் பெட்டிகள் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் தாள்கள் சில பெட்டிகளில் மக்கிக்கொண்டிருக்கலாம். பண்ணையார் எழுதி வாங்கிய கடன்சீட்டு, தேநீர்க்கடையின் தனிக்குவளை, தாத்தாவின் பறை, போராட்டத் துண்டறிக்கை, முதல் பட்டதாரியின் புகைப்படம் எல்லாம் சாட்சிகள்தான். பஞ்சமித் தாளோ நீதிமன்றத்திலும் பேசும். அது செல்லரித்தால் வரலாற்றோடு நிலமும் போகும்.

அரசு கட்டடம் கட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்போம். தாள்களைப் படமெடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவோம். பொருள் யாருடையது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுதி வைப்போம். மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.