தரவுத்தள வடிவமைப்பு

தரவுத்தள வடிவமைப்பு என்பது ஒரு நிறுவனம் சேமிக்க வேண்டிய தரவுகள் எவை, அவை எந்தெந்த அட்டவணைகளில் இடம்பெற வேண்டும், அவ்வட்டவணைகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புபட வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் செயற்பாடு ஆகும். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே பதியப்பட வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கொள்கையாகும். மாணவர்களுக்குச் சேவை வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு இது விளக்கப்படுகிறது.

வரலாறு

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதும் தொடர்புசால் மாதிரியை 1970 இல் முன்மொழிந்தார். இவருக்கு 1981 இல் டூரிங் விருது வழங்கப்பட்டது. 1976 இல் பீட்டர் சென் உருபொருள்-உறவு மாதிரியை வெளியிட்டார். எஸ்கியூஎல் வினவல் மொழி 1986 இல் அமெரிக்காவில் சீர்தரமாக ஏற்கப்பட்டது. எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால் சிறு நிறுவனங்களும் இம்முறையைப் பயன்படுத்த இயலும்.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்கள் செறிந்து வாழும் பகுதியாகும். அங்கு ஒரு தனிப்பயிற்சி நிலையம் இயங்குவதாகக் கொள்வோம். எல்லாச் செய்திகளையும் ஒரே அட்டவணையில் எழுதினால், மூன்று பாடங்கள் பயிலும் மாணவரின் தொலைபேசி எண் மூன்று நிரைகளில் இடம்பெறும். எண் மாறும்போது ஒரு நிரையை மட்டும் திருத்தினால் தரவுகள் முரண்படும். ஒரே பாடம் பயிலும் மாணவர் அதிலிருந்து விலகும்போது அந்நிரையை நீக்கினால் அவரைப் பற்றிய செய்தி முழுவதும் அழியும். இத்தகைய பிறழ்வுகளைத் தவிர்க்க அட்டவணைகளைப் பிரிப்பது இயல்பாக்கம் எனப்படும்.

* பெற்றோர்: பெற்றோர் எண், பெயர், தொலைபேசி
* மாணவர்: மாணவர் எண், பெயர், முன்னெழுத்து, பிறந்த நாள், பெற்றோர் எண்
* வகுப்பு: வகுப்பு எண், பாடம், ஆசிரியர், நேரம்
* சேர்க்கை: சேர்க்கை எண், மாணவர் எண், வகுப்பு எண், சேர்ந்த நாள், விலகிய நாள், ஒப்புக்கொண்ட மாதக் கட்டணம்
* கட்டணம்: சேர்க்கை எண், மாதம், தொகை
* வரவு: பற்றுச்சீட்டு எண், பெற்றோர் எண், நாள், தொகை

ஒரு மாணவர் பல வகுப்புகளிலும், ஒரு வகுப்பில் பல மாணவர்களும் சேரலாம். இப்பல-பல உறவைச் சேர்க்கை அட்டவணை தாங்குகிறது.

முதன்மைச் சாவி

ஒரு நிரையை ஐயமின்றி அடையாளம் காட்டும் நிரல் முதன்மைச் சாவி ஆகும். தமிழரிடையே குடும்பப் பெயர் பொதுவாக வழங்காமையால், பெயரும் முன்னெழுத்தும் ஒத்த இருவர் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும். உடன்பிறந்தோர் பெற்றோரின் ஒரே தொலைபேசி எண்ணைத் தருவர். எனவே பெயரோ தொலைபேசி எண்ணோ சாவியாகத் தகாது. தனியே ஒரு வரிசை எண் வழங்குவதே ஏற்றது.

கட்டணக் கணக்கு

நெசவாளர் குடும்பங்களில் கூலி பெரும்பாலும் சேலை நெய்து முடித்த பின்னரே கிடைப்பதால், கட்டணம் பகுதி பகுதியாக வரக்கூடும். நிலுவையை ஒரே நிரலில் வைத்து அவ்வப்போது அழித்தெழுதினால், அத்தொகை எவ்வாறு வந்தது என்பதை அறிய இயலாது. பணம் செலுத்திய குடும்பத்திடமே மீண்டும் கேட்க நேரலாம். ஆகவே ஒவ்வொரு கட்டணமும் ஒவ்வொரு வரவும் தனித்தனி நிரையாகப் பதியப்படும். நிலுவை அவற்றிலிருந்து கணிக்கப்படும். தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு இடுவது வழக்கம்.

தமிழ்த் தரவு

ஒருங்குறியில் 'கோ' என்னும் எழுத்தை இருவகைக் குறியீட்டு வரிசைகளில் சேமிக்கலாம். திரையில் ஒன்றாகத் தோன்றினும் கணினி அவற்றை வேறாகக் கருதலாம். அப்போது 'கோமதி' எனத் தேடினால் பதிவு கிடைக்காது. சேமிக்கும் முன் எழுத்துகளை ஒரே வடிவுக்கு மாற்றுவது இதற்குத் தீர்வாகும்.

தனியுரிமை

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயது நிறையாதோரைச் சிறாராகக் கொள்கிறது. அவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. எனவே தேவையற்ற நிரல்களை வடிவமைப்பின்போதே விலக்குதல் நன்று.