ரொட்டியும் கும்பினியும்

'கம்பெனி' என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். அதற்குள்ளே ரொட்டி ஒளிந்திருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து ரொட்டியைப் பகிர்ந்துண்பவர்கள் என்பது ஆதிப் பொருள். வீட்டுக்கு வந்த விருந்தாளியும் கம்பெனி, பேச்சுத்துணையும் கம்பெனி, காப்டனின் கீழுள்ள படைப் பிரிவும் கம்பெனிதான். 1600 டிசம்பர் 31-ல் எலிஸபெத் ராணி சாசனம் கொடுத்ததோ வியாபாரக் கம்பெனிக்கு. அது 1765-ல் வங்காளத்து வரி வசூலையும் கைப்பற்றிக்கொண்டது. 1770-ல் அங்கே பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தபோதும் வசூல் நிற்கவில்லை. ரொட்டியைப் பகிர்ந்துகொண்ட லட்சணத்தைப் பாருங்கள்! நம்மவர்கள் 'கும்பினியார்' என்று மரியாதை விகுதி சேர்த்தே சொன்னார்கள். பயம்தான் காரணம் என்பது என் ஊகம். 1858-ல் ஆட்சி போயிற்று; 1874-ல் கம்பெனியே கலைந்தது. பிற்பாடு நம் நாடகக்காரர்கள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.