தன்விவரத் தரவுத்தளத் தேடல்

தன்விவரத் தரவுத்தளத் தேடல் என்பது, வேலை நாடுவோரின் தன்விவரக் குறிப்புகள் தொகுத்து வைக்கப்பட்டுள்ள கணினித் தரவுத்தளத்தில், ஒரு பணியிடத்துக்குத் தகுதியானவர்களை ஆளெடுப்போர் தேடிக் கண்டறியும் செயல் ஆகும். பேச்சு வழக்கில் பயோடேட்டா, ரெஸ்யூமே என்று அழைக்கப்படும் குறிப்புகளே இங்கு தன்விவரம் எனப்படுகின்றன. வேலை விளம்பரம் வெளியிட்டு விண்ணப்பங்களுக்குக் காத்திருக்கும் முறைக்கு இது நேர்மாறானது. இதில் வேலை நாடுபவர் ஒருமுறை தம் விவரத்தைப் பதிந்து வைக்கிறார். பின்னர் நிறுவனங்களே அவரைத் தேடி வருகின்றன.

கணினியியலில் தகவல் மீட்பு எனப்படும் துறையின் பயன்பாடுகளுள் இதுவும் ஒன்று. நூலகப் பட்டியலில் ஒரு நூல் அகப்படாவிட்டால் தேடியவர் வேறொரு நூலை எடுத்துக்கொள்வார். தன்விவரத் தேடலில் அகப்படாமல் போகிறவர் ஒரு மனிதர். தாம் விடுபட்டோம் என்பதை அவரும் அறிவதில்லை, தேடியவரும் அறிவதில்லை.

வரலாறு

தகுதியின்படி ஆட்களை வகைப்படுத்தித் தேடும் வழக்கம் கணினிக்கு முந்தியது. இந்தியாவில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பதிவு செய்தோரின் அட்டைகளைத் தொழில் வகைப்பாட்டுக் குறியீட்டின்படி அடுக்கி வைத்தன. காலிப் பணியிடங்களை இவ்வலுவலகங்களுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. ஓர் இடத்துக்கு ஆள் கேட்கப்பட்டதும் எழுத்தர் உரிய குறியீட்டின் கீழுள்ள அட்டைகளை எடுத்துப் பார்த்தார். தவறான குறியீட்டின் கீழ் வைக்கப்பட்டவரின் பெயர் எத்தனை ஆண்டு ஆனாலும் வெளிவராது. இன்றைய தரவுத்தளங்களின் முதன்மைக் குறையும் இதுவே.

இணையம் பரவியபோது அமெரிக்காவில் மான்ஸ்டர் போர்டு 1994-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் நௌக்ரி தளம் 1997-இல் தொடங்கியது. தன்விவரங்களைத் தேடிப் பார்க்க நிறுவனங்களிடம் கட்டணம் பெறுவது அதன் வருவாய் வழிகளுள் ஒன்றாயிற்று. 2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன், தன்விவரத்தை எவரும் காணக்கூடிய பொதுப் பக்கமாக மாற்றியது. மான்ஸ்டரின் இந்தியப் பிரிவு 2022-இல் பவுண்டிட் எனப் பெயர் மாறியது. அமெரிக்க மான்ஸ்டர் 2024-இல் கேரியர்பில்டருடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் 2025 சூனில் திவால் பாதுகாப்புக் கோரியது.

துல்லியமும் மீட்பளவும்

ஒரு தேடலின் தரத்தை இரண்டு அளவுகளால் மதிப்பிடுவர். கிடைத்தவர்களுள் தகுதியானோர் எத்தனை விழுக்காடு என்பது துல்லியம். தரவுத்தளத்தில் உள்ள தகுதியானோர் அனைவருள் எத்தனை விழுக்காட்டினர் கிடைத்தனர் என்பது மீட்பளவு. எடுத்துக்காட்டாக, தரவுத்தளத்தில் தகுதியானோர் 200 பேர் இருப்பதாகக் கொள்வோம். தேடலில் 50 பேர் கிடைத்து, அவர்களுள் 40 பேர் தகுதியானவர்கள் எனில் துல்லியம் 80 விழுக்காடு, மீட்பளவு 20 விழுக்காடு.

துல்லியக் குறைவு உடனே கண்ணில் படும். பொருந்தாத தன்விவரங்களைப் படித்துச் சலித்தவர் தம் தேடலைத் திருத்துவார். மீட்பளவுக் குறைவு கண்ணில் படாது. திரையில் 40 நல்ல தன்விவரங்களைக் காண்பவர், தேடல் சிறப்பாக அமைந்தது என்றே எண்ணுவார். வெளியே நின்றுபோன 160 பேரைப் பற்றித் திரை எதுவும் சொல்வதில்லை.

இவ்வகை ஏமாற்றத்தை டேவிட் பிளேர், எம். இ. மேரன் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஏறத்தாழ 40,000 ஆவணங்கள் கொண்ட ஒரு வழக்குத் தொகுப்பில் வழக்கறிஞர்கள் முழுவுரைத் தேடல் நடத்தினர். தேவையானவற்றில் 75 விழுக்காட்டையேனும் மீட்டுவிட்டதாக அவர்கள் நம்பினர். உண்மையில் கிடைத்தது சுமார் 20 விழுக்காடே. ஒரு தரப்பினர் "விபத்து" என்று எழுதியதை மறுதரப்பினர் "நிகழ்வு", "சூழ்நிலை" என்றெல்லாம் எழுதியிருந்தது இதற்குக் காரணங்களுள் ஒன்று. அவ்வாய்வு தன்விவரங்களைப் பற்றியதன்று. எனினும் ஒரே பணியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் எழுதும் தன்விவரங்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

பூலியத் தேடல்

பெரும்பாலான தரவுத்தளங்கள் ஜார்ஜ் பூல் (1815–1864) என்னும் கணிதவியலாளரின் ஏரண முறையை அடியொற்றி "மற்றும்", "அல்லது", "இல்லை" ஆகிய மூன்று செயலிகளை ஏற்கின்றன. "மற்றும்" தேடலைக் குறுக்கும், "அல்லது" விரிக்கும், "இல்லை" விலக்கும். இரட்டை மேற்கோள் குறிக்குள் இடப்படும் சொற்றொடர் அதே வரிசையில் தேடப்படும்.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு நூற்பாலைக்குப் பத்தாண்டுப் பட்டறிவு உள்ள கணக்காளர் தேவை எனக் கொள்வோம். இந்தியத் தளங்களில் தன்விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தேடுசொற்களும் ஆங்கிலத்தில் இடப்படுபவையே. இங்கு அவை தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. பழக்கமில்லாதவர் இடும் தேடல் பின்வருமாறு இருக்கும்:

"சீனியர் அக்கவுண்டன்ட்" மற்றும் ஜிஎஸ்டி மற்றும் டாலி மற்றும் கோயம்புத்தூர்

இதில் ஒவ்வொரு "மற்றும்" செயலியும் சிலரை வெளியேற்றுகிறது. ஆலைகளில் இதே பணியைச் செய்பவர் அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ், அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என்றும் அழைக்கப்படுகிறார். "சீனியர்" என்ற சொல்லைப் பதவிப் பெயரில் சேர்ப்பதும் சேர்க்காததும் நிறுவனத்தின் வழக்கம். அதனால் ஒருவரின் பட்டறிவு கூடுவதோ குறைவதோ இல்லை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 சூலை 1-இல் தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பணிகளை விவரிக்கையில் ஒருவர் வாட் என்றோ, சேவை வரி என்றோ, பொதுவாக மறைமுக வரி என்றோ எழுதியிருப்பார். தமிழ்நாட்டில் மதிப்புக்கூட்டு வரி 2007 சனவரி 1-இல் தொடங்கியது என்பதையும் அறிந்தவரே பட்டறிவுக் காலத்தைச் சரியாகக் கேட்க முடியும். ஒரு முறை நடைமுறைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயினவோ அதைவிடக் கூடுதலான பட்டறிவைக் கேட்கும் விளம்பரங்கள் கணினித் துறையில் நெடுங்காலமாக நகைப்புக்கு உள்ளானவை. பிற துறைகளும் அதற்கு விலக்கல்ல.

டாலி மென்பொருளில் வேலை செய்வதை இயல்பானதாகக் கருதும் மூத்த கணக்காளர் அதைக் குறிப்பிடாமலே விட்டுவிடுவது உண்டு. ஊர்ப் பெயரும் சிக்கலானது. கோவை என்று எழுதுபவரும், திருப்பூர், பொள்ளாச்சி, அவிநாசி என்று தம் ஊரையே எழுதுபவரும், சொந்த ஊருக்குத் திரும்ப விரும்பிச் சென்னையில் இருப்பவரும் மேற்கண்ட தேடலில் அகப்படமாட்டார். திருத்திய தேடல் இவ்வாறு அமையலாம்:

(அக்கவுண்டன்ட் அல்லது "அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ்" அல்லது "அக்கவுண்ட்ஸ் ஆபீசர்") மற்றும் (ஜிஎஸ்டி அல்லது வாட் அல்லது "மறைமுக வரி") மற்றும் (ஸ்பின்னிங் அல்லது டெக்ஸ்டைல்)

ஒரே பொருளுடைய சொற்கள் ஒவ்வோர் அடைப்புக்குறிக்குள்ளும் "அல்லது" கொண்டு இணைக்கப்பட்டுள்ளன. உண்மையிலேயே விட்டுக்கொடுக்க முடியாத தேவைகள் மட்டும் "மற்றும்" கொண்டு இணைக்கப்பட்டுள்ளன. டாலியும் ஊரும் தேடலிலிருந்து நீக்கப்பட்டு, தன்விவரத்தைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவையாக விடப்பட்டுள்ளன.

"இல்லை" என்னும் செயலி மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. மேலாளர்களைத் தவிர்க்க எண்ணி அச்சொல்லை விலக்கினால், "நிதி மேலாளரின் கீழ்ப் பணியாற்றினேன்" என்று எழுதியவரும் விலக்கப்படுவார். பயிற்சி என்ற சொல்லை விலக்கினால் புதியவர்களோடு, அவர்களுக்குப் பயிற்சி அளித்தவரும் போய்விடுவார்.

குறியீடுகளும் தொல்லை தருவன. சி++, சி# போன்ற நிரல்மொழிப் பெயர்களில் உள்ள குறிகளைச் சில தேடுபொறிகள் புறக்கணித்து, வெறும் சி என்ற எழுத்தைத் தேடும். சொல்லின் முற்பகுதியை மட்டும் கொண்டு தேடினால் ஜாவா கேட்டவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் அறிந்தவரும் வருவர். இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

புலங்களும் வடிகட்டிகளும்

பட்டறிவு ஆண்டு, ஊதியம், இருப்பிடம், பணி விலகல் அறிவிப்புக் காலம் முதலியன தனித்தனிப் புலங்களாக வைக்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டு வடிகட்டுவது எளிது. ஆனால் புலத்தை நிரப்பாமல் விட்டவர் பல அமைப்புகளில் வடிகட்டியவுடன் மறைந்துவிடுகிறார். மேலும், தன்விவரத்தைப் பிரித்துப் புலங்களில் இடும் மென்பொருள் இரு பத்திகளாக அச்சிட்ட பக்கங்களையும் அட்டவணைகளையும் தவறாகப் படிப்பதுண்டு. படமாக வருடி ஏற்றப்பட்ட தன்விவரத்தில், எழுத்துணரி மென்பொருள் இல்லையேல், தேடுவதற்கு ஒரு சொல்லும் இராது.

முடிவுகளை அண்மையில் புதுப்பித்தவர் முதலாக வரிசைப்படுத்தும் வழக்கமும் உண்டு. இதனை அறிந்த வேலை நாடுவோர் ஒரு காற்புள்ளியையாவது மாற்றித் தம் பக்கத்தை அடிக்கடி புதுப்பிக்கின்றனர். வேறு சிலர் விளம்பரத்தில் உள்ள சொற்களை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைக்கின்றனர். தேடுபவரின் சோம்பலுக்குத் தேடப்படுபவர் காணும் விடை இது.

தேடலைச் சோதித்தல்

தேடல் சரியானதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இதே பணியில் ஏற்கெனவே சிறப்பாக உள்ள ஒருவரின் தன்விவரத்தை எடுத்து, இட்ட தேடல் அவரைக் கண்டுபிடித்திருக்குமா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடிக்காது எனில் குறை தேடலில் உள்ளது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொன்றும் எத்தனை பேரை வெளியேற்றுகிறது என்று காண்பதும் பயன் தரும். புதிதாக வந்த முதல் பத்துத் தன்விவரங்களைப் படித்தாலே அத்துறையினர் வழங்கும் வேறு சொற்கள் தெரியவரும். அவற்றைச் சேர்த்து மீண்டும் தேட வேண்டும்.

விமர்சனங்கள்

ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சரும் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களைப் பல நிறுவனங்களின் மென்பொருள் தாமாகவே நீக்கிவிடுவதைச் சுட்டிக்காட்டியது. மகப்பேறு, நோய், முதியோரைப் பேணுதல் ஆகியவற்றுக்காக வேலையை விட்டவர்கள் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். இவ்வடிகட்டியை இட்டவர் பெண்களை நீக்க எண்ணியிருக்க வேண்டியதில்லை. விளைவு பெரும்பாலும் அதுவாகவே அமைகிறது.

சொற்களை ஒப்பிடாமல் பொருளை ஒப்பிடும் இயந்திரக் கற்றல் முறைகள் மேற்கண்ட சொல் சிக்கலை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் கடந்தகாலத் தேர்வுகளைக் கொண்டு பயிற்றப்படும் அமைப்பு, அத்தேர்வுகளில் இருந்த சாய்வையும் கற்றுக்கொள்கிறது. அமேசான் நிறுவனம் சோதித்துக் கைவிட்ட அத்தகைய அமைப்பு, "மகளிர்" என்ற சொல் இடம்பெற்ற தன்விவரங்களின் மதிப்பைக் குறைத்ததாக 2018-இல் ராய்ட்டர்சு செய்தி வெளியிட்டது.

சட்டம்

நியூயார்க் நகரில் தானியங்கு ஆளெடுப்புக் கருவிகள் சாய்வுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்னும் சட்டம் 2023 சூலை முதல் செயற்படுத்தப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆளெடுப்பு மென்பொருட்களை உயர் இடர் வகையில் சேர்த்துள்ளது. இந்தியாவில் தன்விவரங்களில் உள்ள தொலைபேசி எண், முகவரி போன்றவை 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கருதும் தனிநபர் தரவுகளுள் அடங்கும்.