காங்கல்டன், சாமுவேல்

சாமுவேல் காங்கல்டன் (இறப்பு: 1850), சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல்களில் கொள்ளையரை எதிர்த்து நடந்த தொடக்ககால யுத்தங்களில், கிழக்கிந்தியக் கம்பெனியின் செபிர் என்னும் பாய்க்கப்பலுக்கும், பின்னர் டயானா, ஹூக்ளி என்னும் நீராவிக் கப்பல்களுக்கும் தலைவராக விளங்கிய மாவீரர். இன்று சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் தென்பகுதியிலுள்ள கென்ட் ரிட்ஜ் மேட்டிலிருந்து கண்ணுக்கெட்டும் கடலெல்லாம் அவர் காவல் புரிந்த வட்டாரத்தைச் சார்ந்ததே.

அக்காலக் கொள்ளையரை மூவகையாகப் பகுக்கலாம். காலாங் முதலிய அண்டைத் தீவுகளின் துறைகளில் பதுங்கியிருந்து, தனித்து வரும் வணிகத் தோணிகளை மடக்கிய கடலோடிகள் ஒருவகையினர்; சூலுத் தீவுகளிலிருந்து புறப்பட்ட பலாங்கிங்கியர் மற்றொரு வகையினர்; இவ்விரு திறத்தாரினும் கொடியவராய், மிண்டனாவோவிலிருந்து பருவக்காற்றை அனுசரித்து அணியணியாக வந்து, பொருளோடு மனிதரையும் கவர்ந்து அடிமைகளாக விற்றவர் இலானூன்கள். இவர்களுடைய பெரும்படகான பிராகுவின் முகப்பில் கனத்த மரப்பலகைகளால் அரண் அமைத்திருப்பர்; அதன் நடுவே பீரங்கியின் வாய் நீண்டிருக்கும். பக்கங்களில் லேலா எனப்படும் சுழல்துப்பாக்கிகள் வரிசையாக நிற்க, பிடிபட்ட அடிமைகளே துடுப்பு வலிப்பர். மலாய்க் குறுநில மன்னர் சிலர் கலங்களைக் கவர்வதைத் தம் பரம்பரை உரிமையாகக் கருதியதுண்டெனினும், அது கொள்ளைத் தொழிலே.

1819-இல் தோன்றிய சிங்கப்பூர்த் துறைமுகம் செழிக்கச் செழிக்க இத்தொல்லையும் வளர்ந்தது. சிங்கப்பூர் நீதிமன்றத்திற்குக் கடற்குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் 1837 வரை இல்லாமையால், பிடிபட்டவரைக் கல்கத்தாவிற்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாட்சிகளும் கடல் கடந்து செல்ல வேண்டுமெனில், வழக்குத் தொடுக்க யார்தான் முன்வருவர்? வணிகர்களின் முறையீட்டுக்குப் பின், 1836-இல் ஆண்ட்ரோமக்கி என்னும் போர்க்கப்பல் வந்து காலாங் தீவிலிருந்த கொள்ளையர் இருப்பிடங்களை அழித்தது.

காங்கல்டனின் கீர்த்திக்கு மூலமான சமர் 1838 மே மாதத்தில் திரங்கானுக் கரைக்கு அப்பால் நிகழ்ந்தது. ஆறு இலானூன் பிராகுகள் ஒரு சீன வணிகக் கப்பலைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, உல்ஃப் என்னும் போர்க்கப்பலுடன் வந்த டயானா அங்கே தோன்றியது. நீராவிக் கப்பலை அதற்குமுன் கண்டறியாத கொள்ளையர், எழும் புகையைக் கண்டு, தீப்பற்றிய பாய்க்கப்பலொன்று எளிதில் கையில் அகப்படப்போகிறது என்றெண்ணி ஆர்வத்துடன் அதை நோக்கித் துடுப்பு வலித்தனர். டயானாவோ காற்றை எதிர்த்து நேரே வந்து, ஒவ்வொரு பிராகுவின் எதிரிலும் சட்டென நின்று குண்டுமாரி பொழிந்து, நினைத்த திசையில் பின்வாங்கித் திரும்பவும் செய்தது. காற்றின் தயவில்லாமல் கலம் செல்லுமென்பதைக் கனவிலும் கருதாதவர் உள்ளம் கலங்கி ஓடினர். இயந்திரத்தின் வலிமை பெரிதே. ஆயினும் ஒரு சிறு கலத்தை மலாய் மாலுமிகளைக் கொண்டு அத்தனை பிராகுகளின் நடுவே செலுத்திய நெஞ்சுரம் காங்கல்டனுடையதே ஆகும்.

தெலுக் பிளாங்காவில் வாழ்ந்த மலாய்த் தலைவர் தெமெங்கோங் இப்ராகிம், கொள்ளையை ஒடுக்கத் துணைநின்றமைக்காக 1846-இல் ஆளுநர் பட்டர்வொர்த்திடமிருந்து வாள் பெற்றார். போர்னியோவில் கொள்ளையரை எதிர்த்த ஹென்றி கெப்பலின் பெயரை 1900-இல் துறைமுகத்திற்கே சூட்டினர். ஆண்டுக்கணக்கில் இக்கடலை விட்டகலாமல் உழைத்த காங்கல்டனையோ, பழைய சரித்திர நூல்களைப் புரட்டுவோர் மட்டுமே அறிவர்; இது நியாயமன்று.

அன்று காங்கல்டன் எதிர்த்த கடற்கொள்ளை பற்றிய செய்திகளை இன்று ஆசிய நாடுகள் பரிமாறிக்கொள்ளும் மையமொன்று 2006 முதல் சிங்கப்பூரில் இயங்கிவருகிறது.