சைகை மொழிபெயர்ப்பாளர் ஆவது எப்படி?

2011 சென்சஸ்படி இந்தியாவில் கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.7 லட்சம் பேர். ஆஸ்பத்திரியோ போலீஸ் ஸ்டேஷனோ, இவர்களில் பலருக்கு வீட்டு ஆட்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். தன் உடம்பைப் பற்றி டாக்டரிடம் தனியாகப் பேசும் வாய்ப்புகூட கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

என்ன படிப்பு?
'டிஸ்லி' எனப்படும் இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ. 2 வருடம். பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம்?
டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம், மும்பை அலி யாவர் ஜங் நிறுவனம், கோவை ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம். எங்கே சேர்ந்தாலும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

சைகைகள் தெரிந்தால் போதாதா?
போதாது. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 'எங்கே போறீங்க?' என்று கேட்கும்போது 'எங்கே' கடைசியில் வரும். புருவமும் முகபாவமும் சேர்ந்தால்தான் அது கேள்வி. சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும், ரகசியம் காக்கவும் பழக வேண்டும்.

எங்கெல்லாம் வேலை?
பள்ளி, கல்லூரி, டிவி செய்தி, கோர்ட். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார்.

எப்படித் தொடங்குவது?
டெல்லி மையத்தின் 10,000 சொல் வீடியோ அகராதி இலவசம். ஆனால் மொழி வசப்படுவது காது கேளாதவர்களோடு பழகும்போதுதான்.