செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் எச்.ஐ.வி. மருந்துகளும்

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்டு வரும் மூலிகை. மஞ்சள் நிறப் பூக்களைக் கொண்டது. திருமுழுக்கு யோவான் திருநாளான ஜூன் 24ஐ ஒட்டிப் பூப்பதால் இப்பெயர் பெற்றது. தீங்கற்றதாகக் கருதப்பட்ட இம்மூலிகை, எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்தின் ஆற்றலைக் குறைக்கக்கூடியது என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது.

பின்னணி

ஜெர்மனியில் மருத்துவர்கள் மனச்சோர்வுக்கு இம்மூலிகையைப் பரிந்துரைத்து வந்தனர். 1996இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 23 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை, மிதமான மனச்சோர்வுக்கு இது பயன் தருவதாகக் கூறியது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மூலிகை மாத்திரைகள் உணவுத் துணைப்பொருள்களாகக் கருதப்பட்டன. எனவே, விற்பனைக்கு முன் அவற்றின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவச் சீட்டு இல்லாமலே எவரும் வாங்க முடிந்தது.

எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கு இதை நாட இன்னொரு காரணமும் இருந்தது. இதிலுள்ள ஹைபெரிசின் என்ற பொருள் ஆய்வகத்தில் வைரசுக்கு எதிராகச் செயல்படுவதாக 1988இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆனால் நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை.

இதற்கிடையே 1996இல் இண்டினாவிர் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதையும் வேறு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது எய்ட்ஸ் இறப்புகள் பெருமளவு குறைந்தன. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. குருதியில் இதன் அளவு குறைந்தால் வைரசு மீண்டும் பெருகும். மருந்தை எதிர்க்கும் திறனையும் பெற்றுவிடும். அதன்பின் அதே மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பயன் இராது.

2000ஆம் ஆண்டு ஆய்வு

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஸ்டீபன் பிசிடெல்லி குழுவினர் உடல்நலமுள்ள 8 பேரிடம் ஆய்வு நடத்தினர். அவர்களுக்கு முதலில் இண்டினாவிர் மட்டும் கொடுத்துக் குருதியில் அதன் அளவைக் கணித்தனர். பின்னர் 14 நாள் மூலிகை மாத்திரையைக் கொடுத்து மீண்டும் அளந்தனர். உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்து சராசரியாக 57 விழுக்காடு குறைந்திருந்தது. அடுத்த வேளை மருந்துக்கு முன் எஞ்சியிருக்கும் அளவு சுமார் 81 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் லான்செட் இதழில் வெளிவந்தன. அதே இதழில், இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவர் இம்மூலிகையை உட்கொண்டதால் சைக்ளோஸ்போரின் அளவு குறைந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிய செய்தியும் இடம்பெற்றது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது.

செயல்படும் முறை

கல்லீரலிலும் குடற்சுவரிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்ற உதவுகிறது. மூலிகையிலுள்ள ஹைபர்ஃபோரின், உயிரணுவுக்குள் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டி இந்நொதியின் உற்பத்தியைப் பெருக்குகிறது. இதனால் மருந்து விரைவாகச் சிதைகிறது. மூலிகை நஞ்சாக மாறுவதில்லை. மருந்துதான் வேலை செய்யுமுன் அழிந்துபோகிறது. நோயாளிக்கு உடனடியாக எந்த அறிகுறியும் தோன்றாது என்பதே இதன் ஆபத்து.

பிற எடுத்துக்காட்டுகள்

சமையலில் பழகிய பொருள்களும் மாத்திரை வடிவில் செறிவாகும்போது இவ்வாறு செயல்படலாம். பூண்டு மாத்திரைகள் சாக்குவினாவிர் மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்ததை 2002ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மாறாக, மிளகிலுள்ள பைப்பரின் நெவிரபின் மருந்தின் அளவைக் கூட்டியதாக இந்திய ஆய்வாளர்கள் 2007இல் தெரிவித்தனர். அளவு கூடினால் பக்கவிளைவுகளும் கூடலாம்.

கோவிட்-19 நோய்க்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் மருந்துடனும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் உட்கொள்ளக் கூடாது. மூலிகையை நிறுத்திய பின்னும் அதன் தாக்கம் சில நாள்கள் நீடிக்கும் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே தாம் உட்கொள்ளும் மூலிகைகளை மருத்துவரிடம் கூறுவது இன்றியமையாதது.