கண் திரும்பாத கரை

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பகைவன் நெருங்கியபோது நகரத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நமக்கோ எமகாதகனைக் குறிக்க 'எம்டன்' என்று ஒரு சொல் மிஞ்சியது.

கடலைப் பாராதிருந்த அக்காலத்து முதலாளிகளின் கண், உள்ளே தொழிலாளி மீது ஊன்றியிருந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது எழுந்த முதல் குறைகளுள் ஒன்று, அரைமணி நேர உணவு இடைவேளை போதவில்லை என்பதே. வாயிற்கதவும் கடிகாரமுமே அன்றைய கேமரா.

இன்றைய கேமராக்களின் கணக்கு வேறு. காவல்துறையின் 'மூன்றாவது கண்' திட்டம் 2018 வாக்கில் வேகம் பிடித்தது. வணிகர்களும் குடியிருப்போரும் கைக்காசு போட்டனர். 2020இல் வெளியான சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் ஒப்பீடு, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னையை உலகில் முதலிடத்தில் வைத்தது. (இதில் பெருமைப்படுவதா என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை.)

ஆலைகளையே பார்க்கும் கண்ணும் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்ப் போக்கிலும் இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை இணையவழி அனுப்ப வேண்டுமென்றது. கழிவுநீரே வெளிவிடமாட்டோம் என்னும் ஆலைகளுக்கோ, திரும்பிப் பார்க்கவல்ல கேமராவும் வேண்டும். மணலி, எண்ணூர்ப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இராது. ஆயினும் கருவி நிற்பது, கழிவு வெளியேறுமென்று முன்கூட்டி வரையறுத்த வாயில்களில்தான். விபத்து அவ்வழியே வருவதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்களை எழுப்பியது மூக்கும் கண்ணெரிச்சலும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். பிறகு வாரியம் அளந்தது: காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்போ 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. அளவுகள் துல்லியமானவைதாம், ஆனால் ஊர் ஓடிய பின் எடுத்தவை.

அதே மாதம் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோதும், வலையிலும் படகிலும் ஒட்டிய கருமையை மீனவர்கள் ஊராருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அம்மோனியாக் கசிவுக்குப் பின் பெரியகுப்பத்தார் ஆலை வாயிலெதிரே பந்தலிட்டு நூறு நாளுக்கு மேல் அமர்ந்தனர்; இம்முறை வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.